பல்கேரியாவில் வந்தாச்சு

‘வந்தாச்சு’க்காரர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. மனித இனத்துக்குள் அடங்கியதுதான், ஆனால் கொஞ்சம் ஒதுங்கி, கையைக் கட்டி, தலையைச் சாய்த்து நிற்கும். நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஒரு கதையை யோசித்து, பல நாள் யாரிடமும் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்து, கடைசியில் தாங்க முடியாமல் ஒருவரிடம் சொல்ல வாயெடுக்கிறீர்கள். நாலு வாக்கியம் போவதற்குள் எதிரே இருப்பவரின் தலை மேலும் கீழும் ஆட ஆரம்பிக்கிறது. ஆஹா, மனுஷன் ரசிக்கிறார் என்று உங்களுக்கு உள்ளமெல்லாம் குளிர்கிறது. ரசனை இல்லை அது. பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கிறவரின் தலையாட்டல். நீங்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் அவர் ஏறிக்கொள்கிறார்.

“இது வந்தாச்சு.”

அவ்வளவுதான். உங்கள் குழந்தை பிறக்குமுன்பே அதற்குக் காரியம் முடிந்துவிட்டது.

எல்லாத் துறையிலும் இவர்கள் உண்டு. ஆனாலும் கொழுத்து வளர்வது அறிவியல் புனைகதைத் தோட்டத்தில்தான். குடும்பக் கதை எழுதினால் இவர்கள் பருப்பு வேகாது. மாமியார் மருமகள் சண்டை ‘வந்தாச்சு’ என்று யார் சொல்ல முடியும், அது எல்லா வீட்டிலும் வந்துகொண்டேயல்லவா இருக்கிறது? வேற்றுக் கிரகம், காலப் பயணம், யோசிக்கும் இயந்திரம் என்று போனால் கதை வேறு. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில், ஏதோ ஒரு குளிர் தேசத்தில், தாடி வைத்த ஒருவர் இதை முன்பே எழுதித் தொலைத்திருப்பார் என்ற பயம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்தப் பயத்தில்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறது.

இந்த இனத்தில் நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவருக்குச் செல்வதாஸ் என்று பெயர் வைத்துக்கொள்வோம். தக்கலையில் மூக்குக்கண்ணாடிக் கடை. நீங்கள் கண் மங்குகிறது என்று போனால், கண்ணில் வளையத்தை மாட்டி, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர் பேச ஆரம்பிப்பார். அமெரிக்காவில் வாசகர்கள் ஓட்டுப் போட்டு ராக்கெட் வடிவத்தில் ஒரு விருது கொடுக்கிறார்கள் அல்லவா? எழுத்தாளர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டு, கண்ணாடிக் கட்டிக்குள் நட்சத்திரக் கூட்டத்தை அடைத்து இன்னொன்று கொடுக்கிறார்களே? இரண்டையும் ஒரே வருஷத்தில் வாங்கியவர் யார், ஒன்றை வாங்கி மற்றதைக் கோட்டை விட்டவர் யார், வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர் யார், அனுப்பிவிட்டு அப்புறம் ஏங்கியவர் யார், எந்த நாவலின் அட்டையில் எந்த ஓவியர் எத்தனை நிலா வரைந்தார் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். நீங்கள் கடைசி வரியில் திணறிக்கொண்டிருப்பீர்கள். அவர் ஜப்பானுக்குப் போயிருப்பார்.

படித்திருக்கிறாரா என்று கேட்கிறீர்கள். கேட்கக்கூடாத கேள்வி. கடையில் கண்ணாடி ஃப்ரேம்களுக்குப் பக்கத்து அலமாரியில் தடித் தடியான ஆங்கிலப் புத்தகங்கள் நிற்கும். எல்லாவற்றுக்கும் பின்னட்டை மட்டும் கசங்கியிருக்கும். முன்னட்டையும் உள்ளே இருப்பவையும் அச்சகத்திலிருந்து வந்த அன்றுபோல் பளபளவென்று இருக்கும். கதையைப் படித்தால் நேரம் போகும். பின்னட்டையைப் படித்தால் பெயர் கிடைக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மனிதருக்கும் எழுத ஆசை இருந்தது. வாலிப வயதில் ஒரு கதை யோசித்தாராம். எழுதுமுன் எதற்கும் பார்த்துவிடுவோமென்று தேடியதில், அது போன நூற்றாண்டிலேயே வந்திருந்தது. இன்னொன்று யோசித்தார், அதுவும் வந்திருந்தது. மூன்றாவதாக ஒன்றைத் தேடியே பார்க்கவில்லை. எப்படியும் வந்திருக்கும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். அன்றைக்குப் பேனாவை மூடியவர்தான். தனக்குக் கிடைக்காத சோற்றில் மற்றவர் கைவைக்க வரும்போது தட்டிவிடும் வேலையை அதன்பிறகு விடாமல் செய்துவந்தார்.

இரணியல் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் சுயம்புராஜ் என்பவர் டியூஷன் சென்டர் நடத்துகிறார். கணக்கு வாத்தியார், இளகிய மனசு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெஞ்சுகளை ஒதுக்கிப் போட்டு, அறிவியல் புனைகதை வட்டம் என்று ஒன்றைக் கூட்டுவார். நானும் போவேன். நாங்கள் எழுதிக்கொண்டு வந்து வாசிப்போம். செல்வதாஸ் கேட்டுவிட்டு நாட்டைச் சொல்வார். ரப்பர் மரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதாக ஒருவர் எழுதினார். “போலந்தில வந்தாச்சு.” செவ்வாய்க் கிரகத்தில் சபை கட்டப் போகும் உபதேசியாரைப் பற்றி இன்னொருவர் எழுதினார். “உருகுவேயில வந்தாச்சு. ஒரு ஓட்டில விருது போச்சு.” நாட்டைக் கவனித்தீர்களா? நமக்குத் தெரிந்தவர் யாரும் வேலைக்குப் போயிராத நாடாகப் பார்த்துத்தான் சொல்வார். துபாயிலோ மஸ்கட்டிலோ வந்தாச்சு என்றால், மறுநாளே தேங்காய்ப்பட்டணத்தில் யாராவது போன் போட்டு விசாரித்துவிடுவார்கள். உபதேசியார் கதை எழுதியவர் இப்போது கல்யாண வாழ்த்து மட்டும் எழுதுகிறார். அது எத்தனை தடவை வந்தாலும் யாரும் கேட்பதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சுயம்புராஜுக்கு விருது ஆசை வந்தது. உலகமெல்லாம் கொடுக்கிறார்கள், குமரி மாவட்டம் மட்டும் கொடுக்காமல் இருந்தால் எப்படி? சிறந்த அறிவியல் புனைகதைக்கு ராக்கெட் வடிவத்தில் ஒரு கோப்பை என்று அறிவித்துவிட்டார். ராக்கெட் படத்தைக் காட்டி, வெண்கலத்தில் வேண்டுமென்று பாத்திரக் கடையில் சொன்னார். அவர்கள் நல்லவர்கள், கஷ்டப்படாமல் ஒரு புட்டுக்குழலுக்கு இரண்டு பக்கமும் றெக்கை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ராக்கெட்தான். நடுவர் யார் என்று வாக்கெடுப்பா நடத்த வேண்டும்? செல்வதாஸைத் தவிர வேறு யாருக்கு விருதுகளைப் பற்றித் தெரியும்?

கதைகள் வந்தன. அவற்றில் லிஜாவின் கதையும் ஒன்று. லிஜா முட்டத்துக்காரி. நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிறாள். வட்டத்துக்குப் புதிது, அதிகம் பேசமாட்டாள். அவள் எழுதியிருந்தது இதுதான். கடலுக்கு ஆள் போவது நின்றுபோன ஒரு காலம். படகுகள் தாமாகவே போகின்றன, தாமாகவே வலை போடுகின்றன, விடியும்போது தாமாகவே கரைக்கு வந்து மீனைக் கொட்டுகின்றன. புயல் வந்தால் இனி யாரும் அழ வேண்டாம். ஒருநாள் ஒரு படகு திரும்பவில்லை. உள்ளே ஆள் இல்லை, ஒன்றுமில்லை, வெறும் இயந்திரம். ஆனாலும் அந்தப் படகுக்காரி பாறைமேல் போய் உட்கார்ந்துவிடுகிறாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்கிறாள். கோயில் மணியை அடிப்பதா வேண்டாமா என்று ஊர் கூடிப் பேசுகிறது. அடித்தால் யாருக்காக அடிப்பது?

முடிவு சொல்லும் கூட்டத்தில் இதைச் சுயம்புராஜ்தான் வாசித்தார். பாதியில் நிறுத்தி, இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். வாசித்து முடித்ததும் நான் செல்வதாஸைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது பழைய முகம் திரும்பிவிட்டது.

“கதை கொள்ளாம் மக்ளே,” என்றார். “ஆனா பல்கேரியாவில வந்தாச்சு.”

மற்றவர்களாக இருந்தால் இங்கே தலையைத் தொங்கப் போட்டிருப்பார்கள். லிஜா பேனாவைத் திறந்துகொண்டு, எழுதினவர் பேரைக் கேட்டாள். கோபமாக இல்லை, அந்தப் புத்தகத்தைத் தேடிப் படிக்க வேண்டும் என்றாள்.

இத்தனை வருஷத்தில் யாரும் பேரைக் கேட்டதில்லை. செல்வதாஸ் செருமினார். கூரையைப் பார்த்தார். எதிர்ச் சுவரில் சுயம்புராஜ் பிள்ளைகளுக்காக மாட்டியிருந்த தனிம அட்டவணையைப் பார்த்தார். அவர் கண் அதில் ஓர் இடத்தில் நின்று, நகர்ந்து, இன்னோர் இடத்தில் நின்றது.

“வனாதி ருபிதேவ்,” என்றார்.

லிஜா எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு அவளும் திரும்பி அந்த அட்டவணையைப் பார்த்தாள். வனேடியம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, ருபீடியம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும்.  தகுதியான படைப்பு இல்லாததால் இந்த வருஷம் விருது யாருக்கும் இல்லை என்று செல்வதாஸ் தீர்ப்பு வாசித்தபோதும் பேசாமல்தான் இருந்தாள். கூட்டம் கலையப் போகும் நேரத்தில் எழுந்து, மிகவும் மரியாதையாக ஒரு யோசனை சொன்னாள். விருது விழாவுக்கு நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. விழாவை ஏன் நிறுத்த வேண்டும்? அந்தப் பல்கேரிய நாவலைப் பற்றி சார் விரிவாகப் பேசினால் எல்லோருக்கும் பிரயோஜனமாக இருக்குமே.

சுயம்புராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுவாரமே புது நோட்டீஸ் வந்துவிட்டது. ‘வனாதி ருபிதேவ்: ஒரு மேதையின் உலகம்’ என்று கொட்டை எழுத்து.

அந்த நாட்களில் நான் கண்ணாடி மாற்றக் கடைக்குப் போனேன். செல்வதாஸ் ஜப்பானுக்கும் போகவில்லை, அமெரிக்காவுக்கும் போகவில்லை. வாடிய கீரைபோல இருந்தார். எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். நான் தப்புத் தப்பாகப் படித்தும் சரி சரி என்றார். போட்டுக் கொடுத்த கண்ணாடியில் பஸ் எல்லாம் ஆட்டோவாகத் தெரிந்தது. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, பல்கேரியாவில் கடல் உண்டுமா என்று கேட்டார். கருங்கடல் இருக்கிறது என்றேன். அதுவரை அடக்கிவைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டார்.

விழா நாளில் டியூஷன் சென்டரில் நிற்க இடமில்லை. பல்கேரியா என்றால் சும்மாவா? மேசைமேல் புட்டுக்குழல் ராக்கெட் மாலை போட்டு நின்றது. முன்வரிசையில் லிஜா. செல்வதாஸ் எழுந்து விருதுகளில் ஆரம்பித்தார். ராக்கெட் விருது, கண்ணாடிக்கட்டி விருது, இங்கிலாந்து விருது, ஐரோப்பிய விருது என்று வழக்கமான ஊர்வலம் வந்தது. வனாதி ருபிதேவுக்கு எந்தெந்த விருது கிடைக்காமல் போயிற்று என்பதையே ஒரு முக்கால் மணிநேரம் நீட்டியிருப்பார். லிஜா கையை உயர்த்தி, கதை என்ன சார் என்று கேட்டாள்.

அவர் பேச்சை நிறுத்தினார்.  கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, பைய ஆரம்பித்தார். கருங்கடல் ஓரத்தில் ஒரு ஊர். அங்கே ஒரு கலங்கரை விளக்கம். அதற்கு லென்ஸ் தேய்க்கிறவன் ஒருவன்.

லென்ஸ் என்று சொன்னதும் அவர் குரலில் ஏதோ பிடி கிடைத்தது. வாலிபத்தில் அவர் திருவனந்தபுரத்தில் ஒரு பட்டறையில் லென்ஸ் தேய்க்கக் கற்றவர். கண்ணாடியை எப்படி ஈரமாக்க வேண்டும், விரலால் எப்படி வளைவைத் தடவிப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். அந்த மனிதன் தேய்த்த ஒரு லென்ஸில் ஒரு பிசகு. அதன் வழியாகப் பார்த்தால் இன்றைய கடல் தெரியாது, நாளைய கடல்தான் தெரியும். நாளைக்குத் திரும்பப்போகும் படகுகளை அவன் இன்றைக்கே எண்ணுகிறான். ஒருநாள் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. யாரிடம் சொல்வான்? சொன்னால் யார் நம்புவார்கள்? அந்தப் படகின் சுக்கானை ரகசியமாக உடைத்துவைக்கிறான். படகு போகவில்லை, ஆட்கள் பிழைத்தார்கள், அவர்களுக்குத் தெரியாது. இப்படியே வருஷக்கணக்கில் உடைக்கிறான். படகை உடைக்கும் பாவி யாரென்று ஊர் தேடுகிறது. கடைசியில் ஒரு சாயங்காலம் லென்ஸ் வழியாகப் பார்த்தால், நாளைய கடலில் ஒரு படகுகூட இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்திருந்தார்கள். கொண்டுவந்த சாயாவை யாரும் எடுக்கவில்லை. நான் செல்வதாஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதரை அப்படி நான் பார்த்ததேயில்லை. விருதும் இல்லை, வருஷமும் இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்பது அவருக்கே தெரியாமல், தெரிந்துகொள்ளும் ஆசையில் பேசிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அவன் துறைமுகத்துக்கு நெருப்பு வைத்துவிட்டான் என்றார். எல்லாப் படகும் கரையிலேயே எரிந்துபோகிறது. விடியற்காலையில் ஊரே கூடி அவனைப் போட்டு அடிக்கிறது. கடலில் புயல் வீசிக்கொண்டிருக்கிறது. அவன் அடி வாங்கிக்கொண்டே, அடிக்கிறவர்களை ஒவ்வொருவராக எண்ணுகிறான். ஒருவர்கூடக் குறையவில்லை.

செல்வதாஸ் உட்கார்ந்துவிட்டார். சுயம்புராஜ் வெளிப்படையாகவே அழுதுகொண்டிருந்தார்.  லிஜா எழுந்தாள். இந்தக் கதைக்கும் தன்னுடைய கதைக்கும் கடலைத் தவிர என்ன சம்பந்தம் என்று அவள் கேட்பாள் என்று நான் நினைத்தேன். அவளும் அதற்குத்தான் எழுந்திருப்பாள் போலும். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, நல்ல கதை சார் என்று மட்டும் சொன்னாள்.

யோசித்துப் பாருங்கள் அவருடைய நிலைமையை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கதை வந்திருக்கிறது. நல்ல கதை. அதை முழுதாக ஒரு பல்கேரியனுக்கு எழுதிவைத்தாயிற்று, இல்லாத பல்கேரியனுக்கு. என்னுடையது என்று சொன்னால் இத்தனை வருஷக் குட்டும் வெளிப்பட்டுவிடும். சொல்லாவிட்டால் கதை போய்விடும். அவர் புட்டுக்குழலையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லமாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. மானம் பெரிது.

அப்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். கோலப்பன் என்று பெயர், பூதப்பாண்டிப் பக்கத்துக்காரர், நோட்டீஸைப் பார்த்து முதல்முறையாக வந்தவர். பேச்சு நெடுக அவர் தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்ததை நான் கவனித்திருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, தோழமையோடு சொன்னார்.

“பல்கேரியாவுக்கு முந்தியே இது வந்தாச்சு சார். ருமேனியாவில.”

செல்வதாஸ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

“எங்க வேய் வந்திருக்கு?” என்றார். “இது எனக்க கதை.”

சொல்லிமுடித்த பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.  சுயம்புராஜ் அழுகையை நிறுத்திவிட்டுத் தான் அடித்த நோட்டீஸைப் பார்த்தார். செல்வதாஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது லிஜா கைதட்டினாள். அவள் மட்டும்தான் முதலில் தட்டினாள். பிறகு நான். பிறகு எல்லோரும். கோலப்பன் மட்டும் ருமேனியாவை விடாமல் பக்கத்திலிருந்தவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

கைதட்டல் ஓய்ந்ததும் லிஜா ஒரே கேள்விதான் கேட்டாள்.

“அப்பம் எனக்க கதை, சார்?”

செல்வதாஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“வரல்ல மக்ளே. எங்கயும் வரல்ல.”

புட்டுக்குழல் ராக்கெட்டை அவரே எடுத்து அவள் கையில் கொடுத்தார். மாலையைக் கழற்ற மறந்துவிட்டார். லிஜாவின் அம்மா அதில் புட்டு அவிக்க முயன்றதாகவும், றெக்கை இடித்துச் செம்புக் கலயத்தில் சரியாக உட்காரவில்லை என்றும் பின்னால் கேள்விப்பட்டேன்.

லென்ஸ் கதையை எழுதவைத்ததும் லிஜாதான். சனிக்கிழமை சாயங்காலங்களில் கடைக்கு வந்து, அவர் போனை வாங்கித் தன் பைக்குள் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்துகொள்வாள். தேடிப் பார்க்க வழியில்லாமல் மனுஷன் எழுதி முடித்தார். கதை ஒரு சிற்றிதழில் வந்தது. அந்த இதழை அலமாரியில் புத்தகங்களுக்கு நடுவே வைத்திருக்கிறார். அதற்கு மட்டும் உள்பக்கம் கசங்கியிருக்கிறது.

திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். திருந்திவிட்டார் என்றுதான் எழுத ஆசை. போன மாதக் கூட்டத்தில் ஒருவர், எதிர்காலம் தெரியும் ஒரு பூனையைப் பற்றிக் கதை வாசித்தார். செல்வதாஸ் முழுதாக, பொறுமையாகக் கேட்டார். நாங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்டு முடித்ததும் மிகுந்த பரிவோடு சொன்னார், இது வந்தாச்சு என்று. பல்கேரியாவில் இல்லை. அவருடைய கதையில்.

இந்தச் சித்திரத்தின் முதல் இரண்டு பக்கத்தை, கண்ணாடிக் கடையைத் தொடுவதற்கு முன்னால் உள்ளதை மட்டும், போன வாரம் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். கடையில் ஆள் இருப்பதையும் மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோலப்பனை அப்படியே உரித்து வைத்திருக்கிறீர் என்றார். உங்களுக்கும் படிக்கும்போது யாரோ ஒருவர் முகம் நினைவுக்கு வந்திருக்கும். அது உங்கள் முகம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். யாருக்கும் அவரவர் முகம் வருவதில்லை. கோலப்பனிடமும் அதே இரண்டு பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தேன். அவரும் சிரித்தார். அவர் சொன்ன பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும்.